மேய்ச்சல் நீர்ப் பயனாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மந்தையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மொத்தமாகப் பார்த்தால் இந்த ஆண்டு மழை மோசமில்லை. ஆனால் பெரும்பகுதி இரண்டே பொழிவில் கொட்டித் தீர்த்தது. இரவில் கரை தொட்டு ஓடிய ஓடையில் மறுநாள் மாலைக்குள் மணல் தெரிந்தது. வறண்ட பூமியில் ஓடை என்றால் இப்படித்தான். அந்தச் சில மணி நேரத்துக்குள் தண்ணீரைத் திருப்பிப் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஓடை நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் சுத்தமாக இருந்ததால் மூன்று குட்டைகளும் நிரம்பின. நம் ஏரியான பெரிய ஏந்தல் முக்கால் அளவுக்கு வந்தது, உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழியவில்லை. கீழ்ப்பகுதி மந்தைக்காரர்களுக்கு நம் கலிங்கிலிருந்துதான் தண்ணீர் போக வேண்டும் என்பதால், இரண்டாம் மழையின்போது ஓடைத் தடுப்பை முழுவதுமாக அடைக்காமல் ஒரு பங்கை இறக்கிவிட்டோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. அடுத்த ஆண்டு மேல்பகுதிக்காரர்கள் அடைத்துவிட்டால் நாம் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

மழை நின்றதும், ஏந்தலைப் பூட்டிவிட்டுக் குட்டைகளை மட்டும் திறந்துவிட்ட முடிவுதான் இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது. கண்ணெதிரே தண்ணீர் கிடக்க, மாட்டைக் குட்டைக்கு ஓட்டச் சொல்வது என்ன கணக்கு என்று கேட்டார்கள். கணக்கு இதுதான். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் 10,000 லிட்டர். கடும் வெயிலில் நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 70,000 லிட்டர். வெயில் காலத்தில் ஒரு மாட்டுக்கு 35 லிட்டர் என்று பார்த்தால் 2,000 மாடுகள் குடிப்பதை வெயில் குடித்துவிடுகிறது. ஆழமில்லாத குட்டையை நாம் தொடாமல் காத்தாலும் அது சில மாதங்களில் வற்றத்தான் போகிறது. ஆகவே போகிற தண்ணீரை முதலில் குடிக்கவிட்டு, நிற்கிற தண்ணீரைக் கடைசிக்கு வைக்கிறோம். தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மேய்ப்பர்களும் மழைக்காலத்தில் குட்டை நீரைப் பயன்படுத்தி, ஆழ்கிணறுகளைக் கோடைக்கு ஒதுக்கி வைப்பவர்கள்தான். கிணற்றில் எந்த மந்தை எந்த நாளில் இறங்கலாம் என்று சொல்ல அங்கே தனிப் பொறுப்பாளர் உண்டு. தண்ணீருக்கு முறை வைக்கும் நம் முறைக்காரரைத் திட்டுபவர்கள் இதையும் அறிந்துகொள்ளலாம்.

கோடையில் மாடுகளுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று வைத்த முறை பெரும்பாலும் ஒழுங்காக நடந்தது. தினமும் தண்ணீருக்குத் திரும்ப வேண்டியதில்லை என்பதால் மந்தைகள் தூரத்துப் புல்லுக்கும் போக முடிந்தது. கறவை மாடுகளுக்கும் இளங்கன்றுகளுக்கும் தினமும் உண்டு. அதில் யாரும் தகராறு செய்யவில்லை. ஒட்டகக்காரர்களால் தொந்தரவே இல்லை. நாட்கணக்கில் வராமல் இருந்துவிட்டு, வந்த அன்று ஒரு ஒட்டகம் 100 லிட்டரைச் சாதாரணமாக உறிஞ்சிவிடும். முன்கூட்டித் தகவல் சொன்னால் தொட்டியை நிரப்பி வைக்க வசதியாக இருக்கும் என்பது மட்டுமே வேண்டுகோள்.

ஏந்தலுக்குள் மாடு இறங்காமல் முள்வேலி போட்டு, கரைக்கு வெளியே தொட்டி வைத்துக் குழாய் வழியாக நீர் விட்டதில் நல்ல பலன். சாணம் கலந்த நீர் சூட்டில் பாசி பிடிக்கும். சிலவகை நீலப்பச்சைப் பாசி கால்நடையைக் கொல்லும் அளவுக்கு நஞ்சு. ஆனால் ஏந்தல் காலியாகி, தரை ஈரமாக இருக்கும்போது மந்தையை உள்ளே ஓட்டி மிதிக்கவிடுவது வேறு விஷயம். குளம்பு மிதித்து இறுகிய தரையில் கசிவு குறையும். பெரியவர்கள் செய்து பார்த்த வேலை, இந்த ஆண்டும் செய்வோம்.

வண்டல் தொந்தரவு தீரவில்லை. நுழைவாயிலுக்கு முன்னால் தோண்டிய வண்டல் குழி இரண்டாம் மழையிலேயே நிரம்பிவிட்டது. மேலே புல் மொட்டையாகிக் கிடக்கும்வரை தூர் வாருவது ஓயாத வேலைதான். குட்டைகளைச் சுற்றிச் சீமைக்கருவேலமும் முளைக்கிறது. நெற்றைத் தின்னும் ஆடு மாடுகளே சாணத்தோடு விதையைக் கொண்டுவந்து போடுகின்றன. கரைமேல் முளைத்ததைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். வேர் தடித்த பிறகு வெட்டினால், அது மக்கி விட்ட பொந்து வழியாகக் கரையே உடைப்பெடுக்கும்.

வடக்கு மேய்ச்சலில் புதிதாக ஒரு குட்டை வெட்ட வேண்டும் என்ற மனுவைச் செயற்குழு ஏற்கவில்லை. காரணத்தைத் திறந்து சொல்கிறேன். அங்கே புல் நிற்பதற்குக் காரணமே அங்கே தண்ணீர் இல்லாததுதான். தண்ணீர் வந்தால் மழை முடிந்த கையோடு எல்லாக் கிடையும் அங்கே இறங்கும். கோடைக்கு மண்தான் மிஞ்சும். 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் சாஹேல் வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகளைச் சுற்றிக் கால்நடைகள் குவியல் குவியலாக மடிந்தன. அங்கே தண்ணீர் இருந்தது, நடந்து போகும் தூரத்தில் புல் இல்லை. மனு கொடுத்தவர்களின் சிரமம் புரிகிறது. கோடையில் அவ்வளவு தூரம் நடத்தினால் ஆடு மெலியும். அதற்கு மாற்றாக, கடைசி இரண்டு மாதங்களுக்கு மட்டும் டேங்கரில் நீர் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டு, மந்தைக் கணக்குப்படி செலவைப் பகிர்ந்துகொள்ளும் தீர்மானத்தைச் செயற்குழு இன்று முன்வைக்கிறது. செலவு கூடுதல்தான். ஆனால் டேங்கரை நிறுத்தினால் மேய்ச்சல் நிற்கும்; வெட்டிய குட்டையை யாரும் மூட முடியாது.

தீர்மானத்தின் மீது பேச விரும்புவோர் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். வரத்துக்கால் வேலைக்கு இன்னும் ஆள் ஒப்புக்கொள்ளாத கிடைகள், வாக்கெடுப்பு முடிந்ததும் என்னிடம் பதிந்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்