அந்தக் காரைப் பூட்டி வைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை நிதானமாகப் பார்த்துவிட்டேன். 1990ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, சிவப்பு நிறம், மேலெழும்பும் முன்விளக்குகள், அசல் 14 அங்குலச் சக்கரங்கள், இத்தனை வயதாகியும் 40,000 மைலைத் தொடாத மீட்டர். ஆனால் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைப்பது அந்தப் படங்கள் அல்ல, அவற்றோடு நீ எழுதியிருந்த குறிப்பு. வாங்கிய கையோடு உறை போட்டு மூடி லண்டன் ஹாரோவில் வீட்டுக் கராஜில் நிறுத்திவிடப் போவதாகவும், பத்து ஆண்டு கழித்து விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பதாகவும் சொல்கிறாய். இதே திட்டத்தோடு என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி இங்கே வெளியிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை வாங்கு, ஆனால் ஓட்டுவதற்காக வாங்கு. நிறுத்தி வைப்பதற்குத்தான் என்றால், ஓட்ட நினைக்கிற வேறு யாருக்காவது அதை விட்டுக்கொடு.

இந்தக் கார் எப்படிப் பிறந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் எளிய விலை ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலம் அது. அபிங்டன் தொழிற்சாலையில் எம்ஜிபி உற்பத்தி 1980இல் நின்றுபோனது. கூரையைத் திறந்து ஓட்டக்கூடிய, எடை குறைந்த, சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய ஒரு கார் வேண்டும் என்று பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1970களின் பிற்பகுதியிலேயே மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் சொல்லியிருந்தார். மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவரான யாமமோட்டோ அதை மறக்கவில்லை. பிறகு ஹாலே அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓடக்கூடிய முதல் மாதிரியை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வொர்த்திங் நகரில் ஐஏடி என்ற நிறுவனம் கட்டிக் கொடுத்தது. அதை 1985இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்குக் கொண்டுபோய், மூடிய சோதனைத் தடத்தில் வைத்துக்கொள்ளாமல், ஊர்த் தெருக்களிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பின்னர் மாஸ்டா பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் வேலை முடிந்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. நாலு பேர் நடமாடும் தெருவில் ஓட்டிப் பார்த்து உருவாக்கிய காரைத்தான் நீ உறைக்குள் போடப் பார்க்கிறாய்.

அரிய கார் என்ற எண்ணம் உனக்கு இருந்தால் அதையும் விட்டுவிடு. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000இல் கின்னஸ் இதை ஏற்றுக்கொண்டபோது எண்ணிக்கை 5,31,890. 2016இல் அது பத்து லட்சத்தைத் தொட்டது. நீ பார்த்திருக்கும் முதல் தலைமுறைக் கார் மட்டுமே நான்கு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. நல்ல நிலையில் இருப்பவை குறைந்து வருவதும் அவற்றின் விலை ஏறியிருப்பதும் உண்மைதான். ஆனால் ஒருவர் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததற்கும், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதற்கும்தான் விவரம் தெரிந்தவர்கள் விலை கொடுக்கிறார்கள். நின்ற இடத்திலேயே நின்ற காரைப் பார்த்தால் அவர்கள் முதலில் கேட்பது, ஏன் நின்றது என்பதைத்தான்.

நிற்கும் கார் கெடாது என்று நீ நம்புகிறாய். இது பலரிடமும் இருக்கும் நம்பிக்கை. அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்சக்கரப் பிரேக்கின் பிடிப்பானான காலிப்பருக்குள் ஹேண்ட் பிரேக்கின் இயக்கமும் சேர்ந்தே இருக்கிறது. பல மாதம் அசையாமல் கிடந்தால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் காய்ந்து கசியத் தொடங்கும், ஒரு நாள் பெடலை மிதித்தால் அது தரையோடு போய்விடும். டயரில் எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும் ரப்பர் வயதாகி விறைத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். பெட்ரோல் பழையதாகும். எத்தனால் கூடுதலாகக் கலந்த ஈ10 பெட்ரோல் இங்கே 2021 செப்டம்பரில் வந்த பிறகு, இந்த வயதுக் கார்களை வைத்திருக்கும் நாங்கள் எத்தனால் குறைந்த ஈ5 மட்டுமே ஊற்றுகிறோம். அதுவும் டேங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக் கூடாது. எஞ்சினை மாதம் ஒரு முறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் போதும் என்பவர்கள் பேச்சைக் கேட்காதே. ஆயில் சூடேறும் முன் அணைத்தால் உள்ளே படிந்த ஈரம் அப்படியே தங்கிவிடும். அரை மணி நேரமாவது சாலையில் ஓடி, பிரேக்கும் கியரும் டயரும் வேலை செய்து திரும்ப வேண்டும்.

இனி ஓட்டுவதைப் பற்றி. நீ லண்டனில் மோட்டார்வே வேகத்தை வைத்தே கார்களை அளக்கிறாய். இந்தக் காரின் 1.6 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 115 குதிரைத் திறன். மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 9 வினாடி ஆகும். இன்றைய குடும்பக் கார்கள் பல இதைச் சாலையில் தாண்டிப் போய்விடும். ஆனால் எடை 950 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது; அந்த எடை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது; கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராக இணைத்திருப்பதால், ஆக்சிலரேட்டரில் கால் பட்டதும் பின்சக்கரம் தயங்காமல் பதில் சொல்கிறது. ஷெஃபீல்டிலிருந்து கிளாசப் போகும் ஸ்னேக் பாஸ் மலைப்பாதையில் வேக வரம்பு மணிக்கு 50 மைல்தான். ஐந்நூறு குதிரைத் திறன் கொண்ட கார் அங்கே வந்தால் அதன் திறனில் பெரும்பகுதிக்கு வேலையே இருக்காது. இந்தக் காரிலோ அதே 50 மைலுக்குள் இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும் மாறி மாறி வரும். லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி பைன் மரங்களுக்கு நடுவே ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை ஸ்டியரிங் உன் உள்ளங்கைக்குச் சொல்லிக்கொண்டே வரும். சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே முழுத் திறனையும் பயன்படுத்தக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம். டர்போ பொருத்தும் யோசனை பின்னால் உனக்கு வரக்கூடும். அதற்கு முன் நல்ல டயர் போட்டு, சக்கர அலைன்மென்ட் சரிபார்த்து, ஒரு வருடம் முழுக்க ஓட்டிவிட்டுப் பேசு.

வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்காதே; இந்தக் காரை அழிப்பது துரு ஒன்றுதான். மடக்குக் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தாங்கிகளின் பக்கம் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். அந்தக் குழாயில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பெட்டித் தகட்டுக்குள் தேங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். அதனால் நீ குனிந்து, பின்சக்கர வளைவு சில்லோடு சேரும் இடத்தில் விரல்களால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார். விளிம்பு கூராகவும் நேராகவும் இருக்க வேண்டும். மொழுமொழுவென்று உருண்டிருந்தாலோ, தட்டும்போது தகரச் சத்தம் வராமல் மந்தமாகக் கேட்டாலோ, அங்கே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். சிறு காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள், பட்டியின் மேல் அது ஒட்டாது. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை இருக்கைக்குப் பின்னால் உள்ள வடிகாலில் மெதுவாக ஊற்றச் சொல்லி, அடியில் அது சொட்டுகிறதா என்று பார். ஆண்டுச் சோதனையான எம்ஓடியில் இந்தக் கார்கள் பெரும்பாலும் தோற்பது அந்த இடத்தில்தான். நன்றாக வெட்டி வெல்டிங் செய்வதற்கு ஆகும் செலவு, ஏற்கெனவே நல்ல சில் உள்ள காருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையைத் தாண்டிவிடும்.

அந்தக் காரின் ஆண்டு 1990 என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொடக்கக் காலத்து 1.6 எஞ்சின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருந்தது. அந்த முனையில் உள்ள புல்லியின் போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்காவிட்டால், புல்லியை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவி என்ற சிறு உலோகத் துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, ஷாஃப்டே வீணாகிவிடும். 1991வாக்கில் மாஸ்டா முனையை நீட்டித் திருத்தியது. புல்லியின் நடுப்பகுதியில் நான்கு பிளவுகள் தெரிந்தால் பழையது, எட்டு தெரிந்தால் திருத்தியது. பழையதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை; பல்லாயிரம் கார்கள் அதோடுதான் நன்றாக ஓடுகின்றன. எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடாமல் சுழல்கிறதா என்று பார், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேள். பெல்ட் அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது என்பது ஆறுதல். ஆனால் பெல்ட் மாற்றத் தெரியாதவர் புல்லியை ஏனோதானோவென்று இறுக்கியிருந்தால் அதுதான் ஆபத்து.

இவையெல்லாம் எனக்கு எங்கிருந்து தெரிந்தது என்று நினைக்கிறாய்? இந்தக் காரை வைத்திருப்பவர்கள் கற்றுக்கொடுத்தவைதான். கோடைக்கால ஞாயிறு காலைகளில் பீக் மாவட்டத்தில் ஏதாவது ஒரு தேநீர்க்கடை முன்னால் நாங்கள் கூடுவோம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வருவார். யார் புதிதாக வந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டுப் பானட்டைத் திறக்கச் சொல்வார், கைப்பேசி வெளிச்சத்தில் புல்லியின் பிளவுகளை எண்ணுவார். மடக்குக் கூரையை இறக்கும் முன் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து, அதை மெதுவாகப் படுக்க வைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்த பிறகே கூரையை மடக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவரும் அவரே. அவசரத்தில் மடக்கினால் பிளாஸ்டிக் மடிந்து, குளிர்காலத்தில் அந்த மடிப்பிலேயே பிளந்துவிடும். பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் சாதாரண பேட்டரி வைத்தால் அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்றுவிடும், வெளிக்குழாய் உள்ள மூடிய வகையையே வைக்க வேண்டும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான். ஒருவருக்கு ஜன்னல் கண்ணாடியின் கேபிள் அறுந்தால், இன்னொருவர் தன் பரணில் கிடப்பதைத் தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி ஒன்று எங்களுக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கிறது, அது யாருடையது என்பதே இப்போது எங்களில் பலருக்குத் தெரியாது. இந்த அறிவெல்லாம் ஓட்டுகிறவர்களிடம்தான் சேர்கிறது. உறைக்குள் கிடக்கும் காரின் சொந்தக்காரருக்குக் கேட்க ஒரு கேள்வியும் இருக்காது, பிறருக்குச் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்து, மடக்குக் கூரை, மரத்தாலான ஸ்டியரிங், அந்தக் காலத்து 185/60 அளவு 14 அங்குல டயர் வரை திரும்பத் தயாரிக்க ஏற்பாடு செய்தது. கார்கள் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பாகங்களுக்குத் தேவை இருந்தது. கேட்க ஆளில்லாத பாகத்தை எந்தத் தொழிற்சாலையும் மறுபடி செய்யாது.

நீ சொல்லக்கூடிய நியாயமான தடை ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும், புகை அதிகம் விடும் வாகனங்களுக்குக் கட்டணம் வாங்கும் யுலெஸ் மண்டலம் ஆகிவிட்டதால், ஹாரோவில் இந்தக் காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நாற்பது வயது கடந்து வரலாற்று வாகன வகைக்கு மாறினால்தான் விலக்கு. இப்போதைய விதிப்படி 1990இல் செய்த காருக்கு அது 2031 ஏப்ரலில் வரும். அதுவரை நிறுத்தி வைக்கலாமே என்று நீ கேட்பாய். வேண்டாம். என் வீட்டுக் கராஜில் இன்னொரு காருக்கு இடம் இருக்கிறது; ஷெஃபீல்டிலும் தூய காற்று மண்டலம் உண்டு என்றாலும் தனியார் கார்களுக்குக் கட்டணம் கிடையாது. காரை இங்கே விடு. மாதம் ஒரு முறை ரயிலில் வந்து ஓட்டிவிட்டுப் போ. நீ வர முடியாத மாதத்தில் நான் ஓட்டுகிறேன். சாலையில் உப்புத் தூவும் நாட்களில் மட்டும் வெளியே எடுக்க வேண்டாம், அந்த உப்பு சில்லுக்கு எமன்.

விற்பவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் கேட்டுச் சொல். நான் ஜாக்கியும் ஸ்டாண்டும் கொண்டு வருகிறேன், காந்தத்தையும் நானே எடுத்துவருகிறேன். நாம் போகும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிடு. முதல் ஸ்டார்ட்டில் வால்வுகளை இயக்கும் டேப்பெட் டிக்கென்று அடிக்கிறதா, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, புகை என்ன நிறத்தில் வருகிறது என்பதையெல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்க முடியும்.

அன்புடன்,
உன் அக்கா