மாடிப்படிக்கு எந்தக் கல்?

அன்புள்ள கவிதாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் அப்பாவும் நானும் பார்த்தோம். லீட்ஸில் உங்கள் வீட்டில் இருப்பது போல மரப்படி போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீடு. புறவாசல் நிலையைக் கறையான் அரித்த கதையும் உனக்குத் தெரியும். மரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே.

பழைய மொசைக்கையே பாலிஷ் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் படியின் முனைகள் எல்லாம் உடைந்து பல் போன மாதிரி இருக்கின்றன. அங்கங்கே ஒட்டுப்போட்டால் பழைய நிறம் வராது. மரம் மாதிரியே இருக்கும் டைல்ஸையும் பார்த்தோம். நான்கு அடிக்கு ஒரு அடி, முனை உருட்டியே வருகிறது, வேலையும் சுலபம். ஆனால் நாலைந்து வருஷம் கழித்து ஒன்று உடைந்தால் அதே டிசைன் கடையில் கிடைக்காது.

ஆகவே கிரானைட்தான். ஆனால் கல்லைத் தேர்ந்தெடுத்ததைவிட அதை எப்படிப் பதிப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. மேஸ்திரி, "மொசைக் மேலேயே கலவை போட்டுப் பதித்துவிடலாம்மா, தூசி இருக்காது, ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்" என்றார். நானும் சரி என்று சொல்லப் போனேன். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பொதுப்பணித்துறையில் இருந்த ஆள் இல்லையா!

அவர் சொன்னது இதுதான். இப்போது நம் படி ஒவ்வொன்றும் ஆறரை அங்குல உயரம். 18 மில்லிமீட்டர் கல், அதற்கு அடியில் ஒரு அங்குலக் கலவை, மொத்தம் ஒன்றே முக்கால் அங்குலம் ஏறும். நடுவில் உள்ள படிகளுக்கு இதனால் ஒன்றும் இல்லை, எல்லாம் சேர்ந்தே உயர்கின்றன. ஆனால் கீழே ஹால் தரையும் மேலே மாடித் தரையும் உயராதே! முதல் படி எட்டே கால் அங்குலமாகிவிடும், கடைசிப் படி நாலே முக்காலாகக் குறுகிவிடும். வீட்டுப் படி 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிறதாம். அதைவிட, பழகிய கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்துத்தான் இறங்கும், ஒரு படி மட்டும் மாறினால் தடுக்கிவிடும் என்றார். ஆச்சி வற்றல் காயப்போட மாடிக்குப் போவதை யாரால் நிறுத்த முடியும்? அதனால் மொசைக்கையும் அதன் அடியில் உள்ள கலவையையும் கொத்தி எடுத்துவிட்டுத்தான் பதிக்கிறோம். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது. கூலி கூடும் என்றதும் கொஞ்சம் தெளிந்தது.

எந்தக் கிரானைட் என்பதற்கு ஒரு பரீட்சை வைத்தேன். கடையில் மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து குளியலறையில் பரப்பி, சோப்புத் தண்ணீர் ஊற்றி அப்பாவை வெறுங்காலோடு நிற்கச் சொன்னேன். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட துண்டில் குதிகால் வழுக்கியது. லெதர் பினிஷ் என்று சொரசொரப்பாக ஒன்று தருகிறார்கள், அதில் கால் நின்றது. அப்புறம் ஆச்சியின் முழங்கால் தைலத்தைக் கொஞ்சம் தடவி ஒரு ராத்திரி விட்டேன். மதுரை மேலூர்ப் பக்கத்தில் எடுக்கிற, காஷ்மீர் ஒயிட் என்கிற வெள்ளைக் கிரானைட்டில் எண்ணெய் இறங்கித் திட்டாக நின்றுவிட்டது, சோடா மாவு போட்டும் போகவில்லை. கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மிதிக்கிற கல் கறுப்பு, லெதர் பினிஷ். அழுக்கு பிடிக்கும், வாரம் ஒரு முறை பிரஷ் போட வேண்டியிருக்கும். பரவாயில்லை. முனையை முழு உருட்டாக உருட்ட வேண்டாம், லேசாக மழுக்கி, ஓரத்தில் மூன்று கோடு மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

மிதிகல்லும் அதற்குக் கீழே நேராக நிற்கும் முகப்பும் ஒரே கறுப்பாக இருந்தால், புரை விழுந்த கண்ணுக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் முகப்புக்கு வெளிர் நிறம். ஆத்தங்குடிப் பூக்கல் பதிக்க ஆசைப்பட்டேன், ஆனால் ஆறரை அங்குலத்துக்கு வெட்டினால் பூவில் பாதி போய்விடும். சாதா டைல்ஸ்தான், தந்த நிறமா வெளிர் சாம்பலா என்பது பாக்கி. அப்பா சாம்பல் என்கிறார், எனக்குத் தந்தம். நீ சொல்வதே முடிவு. வியாழனுக்குள் சொல், வெள்ளிக்கிழமை கடைக்காரர் வண்டி ஏற்றுகிறார்.

கொத்துகிற தூசி மாடிக்கும் வரும். உன் பீரோவுக்குப் பாலித்தீன் சுற்றிவிட்டேன். சாவி கிடைக்கவில்லை, நீ எடுத்துப் போனாயா என்று பார்.

அன்புடன்,
அம்மா