ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஒருமைப்பாடு பற்றி ஞாயிறு இதழில் தாங்கள் எழுதிய தலையங்கத்தை ஆர்வத்தோடு படித்தேன். அதில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள மனித உரிமைகள் நீதிமன்றம் இரண்டு இடங்களில் ‘ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அது ஐரோப்பியப் பேரவை என்னும் வேறோர் அமைப்பின் நீதிமன்றம். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பேர்க்கில் இருக்கிறது. பெயர்ப் பிழைதானே என்று விட்டிருப்பேன். ஆனால், ஐரோப்பிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று இசைந்து நடந்ததாலேயே அரசியல் ஒற்றுமை வளர்ந்தது என்பது தங்கள் வாதமாக இருக்கையில், எது எதனோடு இசைந்தது என்பதே மயங்கிப்போனால் வாதத்துக்கு நிற்க இடமில்லை.

நமக்கு இது ஏட்டுச் சுரைக்காயும் அன்று. இலங்கைக்கு வழங்கிய ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010 ஓகஸ்ட்டில் நிறுத்தியதும் 2017 மே மாதத்தில் திருப்பித் தந்ததும் ஒன்றியம். பிரித்தானியாவிலிருந்து ஓர் இலங்கைத் தமிழரைத் திருப்பி அனுப்பினால் அது சித்திரவதையைத் தடுக்கும் விதிக்கு முரணாகும் என்று 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது பேரவையின் நீதிமன்றம். பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று எண்ணுகிறவருக்கு இது விளங்காது.

குழப்பத்துக்குத் தங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது ஸ்ட்ராஸ்பூர்க்கையும் பார்த்தேன். ‘மனித உரிமைகள்’ என்றே பெயர் கொண்ட ட்ராம் தரிப்பிடத்தில் இறங்கினால் உருளை வடிவக் கோபுரங்களோடு நீதிமன்றம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பேரவையின் மாளிகை. ஆற்றுக்கு அக்கரையில் ஐரோப்பியப் பாராளுமன்றம். பேரவையும் பாராளுமன்றமும் ஏற்றியிருப்பது நீல நிலத்தில் 12 பொன் விண்மீன்கள் கொண்ட அதே கொடி. வரலாறு கற்பித்த எனக்கே எது எவருடையது என்று ஒருகணம் தடுமாறியது.

அந்தக் கொடி பேரவையின் சொத்து. முதலில் 15 விண்மீன்களே முன்மொழியப்பட்டன. அன்று பிரான்ஸின் பிடியில் இருந்த சார் பிரதேசத்துக்குத் தனி விண்மீன் கொடுப்பதை மேற்கு ஜேர்மனி ஏற்கவில்லை. ஆகவே உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையைக் குறிக்காத 12 என்று முடிவாகி, 1955 டிசம்பர் 8 அன்று கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏனைய ஐரோப்பிய நிறுவனங்களும் இதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேரவை அழைத்தும், மற்றவர் அதை ஏற்க முப்பது ஆண்டுகள் ஆயின. பிரசல்ஸில், இன்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பாக இருக்கும் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைமையகத்துக்கு முன்னால் அது ஏறியது 1986 மே 29 அன்றுதான்.

கொடிக்கு முன்பே இரவல் தொடங்கிவிட்டது. பத்து நாடுகள் சேர்ந்து 1949 மே 5 அன்று அமைத்த பேரவையின் சாசனம், உறுப்பு நாடுகளிடையே மேலும் நெருங்கிய ஒற்றுமையை முதல் நோக்கமாகச் சொல்கிறது. ஆனால் அதன் சபைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே இருந்தது. அதிகாரத்தை விட்டுக்கொடுக்கப் பிரித்தானியா இணங்கவில்லை. மனம் கசந்த சபைத் தலைவர் ஸ்பாக் 1951 டிசம்பரில் பதவி விலகினார். அதே ஆண்டு பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறும், பின்னாளில் ஒன்றியமாக வளர்ந்த நிலக்கரி, எஃகுச் சமூகத்துக்கான உடன்படிக்கையில் கைச்சாத்திட்டிருந்தன. அதன் பொதுச் சபை 1952 செப்டெம்பரில் முதன்முதலாகக் கூடியது பேரவையின் மண்டபத்தில். அச்சபைக்கு ஆட்களைத் தெரியும்போது பேரவையின் சபையில் ஏற்கெனவே இருப்போருக்கு முன்னுரிமை தருமாறு உடன்படிக்கையோடு இணைந்த நெறிமுறையொன்று கேட்டுக்கொண்டது. இருக்கையும் இரவல், இருப்பவரும் இரவல். பாராளுமன்றமாக வளர்ந்த பின்னரும் 1999 வரை அது ஸ்ட்ராஸ்பூர்க் அமர்வுகளைப் பேரவையின் கூரைக்குக் கீழேதான் நடத்தியது. குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரைவிட வசதியாகிவிட்ட கதை.

இசைவு எப்போதும் வென்றதென்று எண்ணவும் வேண்டாம். ஆறு நாடுகளும் அரசியல் சமூகமொன்றுக்கு வரைவு எழுதியபோது, பேரவையின் ஏனைய நாடுகளின் பிரதிநிதிகளும் வாக்குரிமையின்றி உடனிருந்தனர். 1953 மார்ச்சில் முடிந்த அந்த வரைவு ஐரோப்பிய இராணுவத் திட்டத்தோடு பிணைந்திருந்தது. பிரெஞ்சுத் தேசிய சபை 1954 ஓகஸ்ட் 30 அன்று அத்திட்டத்தை 319க்கு 264 என்ற வாக்குகளால் தள்ளிவிட, வரைவும் கூடவே மடிந்தது.

இனித் தலையங்கம் தொடாமலே விட்ட இடத்துக்கு வருகிறேன். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும், பேரவையின் மனித உரிமைகள் சமவாயத்தில் ஒன்றியமும் ஒரு தரப்பாகச் சேரும் என்று, 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, ஒன்றியத்தின் லிஸ்பன் உடன்படிக்கை கட்டளையாகவே கூறுகிறது. ஒன்றியத்தின் 27 நாடுகளும் தனித்தனியே அச்சமவாயத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் அவை சேர்ந்து உருவாக்கிய ஒன்றியத்தின் மீது ஒரு குடிமகன் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நேரடியாக வழக்கிட முடியாது. இந்த ஓட்டையை அடைக்க 2013இல் வரைவு உடன்பாடு தயாரானது. கருத்துத் தெரிவித்த அரசுகள் பெரும்பாலும் அது சட்டத்துக்குப் பொருந்தும் என்றே வாதிட்டன. அப்படியிருந்தும் லக்சம்பேர்க் நீதிமன்றம், ஒன்றியச் சட்டத்தின் தன்னாட்சிக்குப் பங்கம் வரும் என்று 2014 டிசம்பர் 18 அன்று மறுத்துவிட்டது. அந்தக் கருத்துரையில் சட்ட நுணுக்கம் இருக்கிறது; வெளிநாட்டு, பாதுகாப்புக் கொள்கை பற்றிய செயல்களைத் தானே விசாரிக்க இயலாதபோது ஸ்ட்ராஸ்பூர்க் மட்டும் விசாரிப்பதா என்ற கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், தனக்கு மேல் இன்னொரு நீதிபதி அமர்வதை விரும்பாத நீதிபதியின் குரலும் அதில் எனக்குக் கேட்கிறது. 2020இல் மீண்டும் தொடங்கிய பேச்சுகளில் ஏனைய சிக்கல்களுக்கெல்லாம் 2023 மார்ச்சில் தற்காலிக இணக்கம் கண்டார்கள். வெளிநாட்டுக் கொள்கைச் சிக்கலை மட்டும் ஒன்றியமே தனக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மண்டபத்தையும் ஆட்களையும் கொடியையும் வாங்கிக்கொண்ட ஒன்றியம், பேரவையின் நீதிமன்றத்துக்குத் தலைவணங்கும் இடத்தில் மட்டும் தயங்கி நின்றுவிட்டது என்பதையும் தங்கள் தலையங்கம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். 46 நாடுகளின் அமைப்பை ‘ஐரோப்பியப் பேரவை’ என்றும், ஒன்றியத் தலைவர்கள் கூடுவதை ‘ஒன்றிய உச்சிமன்றம்’ என்றும், அதன் அமைச்சர்கள் கூடுவதை ‘ஒன்றிய அமைச்சர் மன்றம்’ என்றும் தங்கள் ஆசிரியபீடம் வழக்கமாக எழுதலாம். மூன்றையும் ‘ஐரோப்பிய கவுன்சில்’ என்ற ஒரே சொல்லால் தாங்கள் குறித்த இரண்டு செய்திகளை இந்த மாதத்திலேயே கத்தரித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.