கை தட்டியதற்கு, அண்ணா

அண்ணா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். மாசி பிறந்ததும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறேன். பத்து வருடமாக நீ ‘பாறைக்கு வா’ என்று கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த முறையும் நீ கூப்பிடவில்லை. நானாகத்தான் வருகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ மழையைப் பற்றிக் கேட்பாய், நான் மழையைப் பற்றிச் சொல்வேன், வைத்துவிடுவோம். நான் எழுதுவதை நீ ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று அண்ணி சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். ஆகவே 2016 மாசியில் நான் ஏன் உன் வீட்டுக்கு வந்து தங்கினேன் என்பதை எழுதப்போவதில்லை. எந்தப் பாறை என்பதையும் எழுதமாட்டேன். மசினகுடிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடம் தெரிந்தால் அடுத்த ஞாயிறே ராஜாளிக் கழுகின் கூட்டுக்கு எதிரில் கேமராக்கள் வரிசைகட்டி நிற்கும்.

அது நான்காம் நாள் காலை. முந்தைய மூன்று நாளில் ஆண் ராஜாளி இரண்டு முறை பாய்ந்து இரண்டு முறையும் வெறுங்காலோடு திரும்பியிருந்தது. கூட்டில் இருந்த இரண்டு குஞ்சுகளில் சின்னது அதற்குள் இல்லாமல் போயிருந்தது. பெரியது கத்திக்கொண்டே இருந்தது. உன் பறவைப் புத்தகத்தில் அந்தக் கழுகின் ஆங்கிலப் பெயரில் இருந்த பொனெல்லி என்ற இத்தாலிக்காரரின் பெயரை அடித்துவிட்டு ‘ராஜாளி’ என்று நீ எழுதி வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அரக்கோணத்துக் கடற்படைத் தளத்துக்கே அந்தப் பெயர்தான் என்று, ஏதோ நீ வைத்த பெயர் போலச் சொன்னாய்.

எட்டேகால் இருக்கும். பெண் ராஜாளி பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடத் தொடங்கியது. வெள்ளை வயிறு, கறுத்த இறக்கை, வால் நுனியில் பட்டை என்று நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “அது போக்குக் காட்டுகிறது, சரிவைப் பார்” என்று நீ என் பைனாகுலரைப் பிடித்துக் கீழே திருப்பினாய்.

அங்கே முயல். புதரைவிட்டு இரண்டு முழம் வெளியே உட்கார்ந்து, முன்னங்காலை நக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தது. பிடரியில் கரி பூசியதுபோலக் கறுப்பு. வெயில் அதன் பின்னாலிருந்து விழுந்ததால் காது இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே ஓடிய நரம்புகள், வெற்றிலையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அப்படித் தெரிந்தன. மேலே சுற்றுவதை அது கவனிக்காமல் இல்லை. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்திருக்கும். ஆண் அதன் முதுகுப் பக்கமாக வந்தது. சரிவை ஒட்டி, புதர் உயரத்துக்கு மேல் எழாமல், இறக்கையை ஒரு முறைகூட அடிக்காமல் வந்தது. கால்கள் முன்னே நீண்டன.

நான் கை தட்டினேன்.

ஒரே தட்டுதான். எதிர்ப்பாறை அதை வாங்கித் திருப்பி அனுப்பியது. முயல் புதருக்குள் போய்விட்டது. அது இருந்த இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டு ராஜாளி இறங்கியது. மூடாத இறக்கைகளோடு தரையில் நின்று, தன் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தலையை நம் பக்கம் திருப்பியது.

“நீ பார்க்க வந்தாயா, காப்பாற்ற வந்தாயா?” அதன்பின் வீடு வரை நீ பேசவில்லை.

ஒன்பது நாள் கழித்து உன் நோட்டில் ‘கூடு காலி’ என்று இருந்தது. வேறு எதுவும் எழுதவில்லை நீ. பேனா அழுந்தி மறுபக்கம் வரை தடம் விழுந்திருந்தது.

ராஜாளியின் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை தவறிப்போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். அந்தச் சரிவில் கௌதாரி இருக்கிறது, புறா இருக்கிறது, உடும்பு இருக்கிறது. ஒரு முயல் தப்பியதற்காக ஒரு குஞ்சு செத்துவிடுமா? இந்தக் கேள்வியைப் பத்து வருடமாக நானே கேட்டு, இல்லை என்று நானே பதில் சொல்லி வருகிறேன். இருந்தாலும் அந்த முயல் இரண்டு நாள் இரை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மன்னித்துவிடு. முயல் மேல் இருந்த இரக்கத்தால் தட்டவில்லை. அந்த மாதத்தில் இன்னொன்று என் கண் முன்னால் போவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. இதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

ஆனால் நீயும் கேட்டிருக்கலாம். குஞ்சுக்கு எத்தனை வேளை இரை வந்தது என்று நேரம் போட்டு எழுதிவைத்தாய். பதின்மூன்று நாள் உன் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டாயா என்று ஒரு நாள்கூட நீ கேட்கவில்லை, அண்ணா. அண்ணிதான் கேட்டார். ‘பார்க்க வந்தாயா, காப்பாற்ற வந்தாயா’ என்ற அந்த வாக்கியத்தை யாரிடம், எந்த மாதத்தில் சொல்கிறோம் என்று நீ ஒரு நொடி யோசித்திருந்தால் போதும்.

இருட்டில் என்னை எழுப்பி, உன் கம்பளியை என் தோளில் போட்டு, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு கூட்டிப் போனதுதான் நீ கேட்ட விதம் என்று அண்ணி சொல்கிறார். இருக்கலாம். அந்தக் கம்பளியின் புகை வாசனை இன்றும் நினைவிருக்கிறது. ஆனாலும் எனக்கு அன்றைக்கு வாய்ச்சொல் வேண்டியிருந்தது.

பழைய கூட்டுக்கே பச்சை இலை வந்து சேர்கிறதாமே. அதே சோடியா, வேறா என்று நீதான் சொல்ல வேண்டும். என் பைனாகுலரின் வலது வில்லையில் பூஞ்சை பிடித்துவிட்டது; சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். சத்தமில்லாமல் உட்காருவேன் என்று இப்போதே உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. முயல் வெளியே வந்தால், என் வலது கையை நீ பிடித்துக்கொள்.

உன் தங்கை