பவளத் தொட்டிக்கு வாட் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள், 'லிட்டருக்கு ஒரு வாட் டியூப்லைட் இருந்தால் பவளம் வளரும்' என்ற கணக்கைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். டியூப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசிக்கு வெளிச்சம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை டியூபும் அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பலாஸ்ட்டும் பொருந்துவதும், டியூபுக்கு மேலிருந்து வெளிச்சத்தைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டரும்தான் தீர்மானிக்கின்றன.

அதிகம் தவறு நடப்பது பலாஸ்ட்டில். 16 மி.மீ. தடிமனுள்ள டி5 டியூபில், ஏறத்தாழ 115 செ.மீ. என்ற ஒரே நீளத்தில் 28 வாட், 54 வாட் என இரண்டு வகை உண்டு. ஹோல்டரும் ஒன்றுதான். ஆனால் 28 வாட் டியூப் 170 மில்லி ஆம்பியருக்கும், 54 வாட் ஹை அவுட்புட் (கூடுதல் வெளிச்சம் தரும்) டியூப் 460 மில்லி ஆம்பியருக்கும் செய்யப்பட்டவை. 54 வாட் டியூபை 28 வாட் பலாஸ்ட்டில் மாட்டினாலும் எரியும். ஆனால் மங்கலாக எரியும். இழைகள் சரியாகச் சூடேறாமல் முனைகள் சீக்கிரம் கறுத்துவிடும். மாற்றி மாட்டினால் மிகை மின்னோட்டத்தில் டியூப் கருகும். எனவே டியூபின் வாட்டும் எண்ணிக்கையும் பலாஸ்ட் மேல் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். டி5 டியூபுக்குப் பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் ஆகாது. எலக்ட்ரானிக் பலாஸ்ட்தான் வேண்டும். அதிலும் இழையை முதலில் சூடாக்கி, பிறகு எரிய வைக்கும் 'புரோகிராம்டு ஸ்டார்ட்' வகையே நல்லது. டியூபின் முழு வெளிச்சத்தில் எவ்வளவு பங்கை பலாஸ்ட் தருகிறது என்பதைக் காட்டும் 'பலாஸ்ட் ஃபேக்டர்' 1.0க்கு அருகில் இருக்கட்டும், 0.85 என்றால் வெளிச்சமும் அந்த அளவுக்குக் குறையும்.

120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டியில் மென்பவளங்களுக்கு நான்கு 54 வாட் டியூப்கள் போதும். அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்களுக்குக் குறைந்தது ஆறு வேண்டும். ஆறு டியூபுக்கு, இரண்டு டியூப் ஓட்டும் பலாஸ்ட்டாக மூன்று வாங்குங்கள். ஒன்று பழுதானாலும் தொட்டி இருளாது. நீல டியூப்களை முதலில் ஏற்றி, கடைசியில் அணைக்கவும் முடியும். நிறத்துக்கு 450-460 நானோமீட்டர் நீலம் மூன்று, 420 நானோமீட்டர் ஆக்டினிக் (ஊதா கலந்த நீலம்) ஒன்று, 10,000 கெல்வின் வெள்ளை இரண்டு என்பது எங்கள் தேர்வு. வீட்டு டியூப்லைட்டின் 6,500 கெல்வின் வெளிச்சத்தில் பவளம் சாகாது, ஆனால் பழுப்பாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாக வளைந்த ரிஃப்ளெக்டர் இருப்பது அவசியம். தட்டையான வெள்ளைத் தகட்டின் கீழ் ஆறு டியூப் எரிப்பதைவிட, நல்ல ரிஃப்ளெக்டரின் கீழ் நான்கு எரிப்பது மேல். உப்புத் திவலை படிந்தால் பலன் போய்விடும். வாரம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, ஆறிய பிறகு ஆர்.ஓ. நீர் தொட்ட துணியால் துடையுங்கள்.

டி5 டியூபைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும். மூடிய பெட்டிக்குள் சூடு அதைத் தாண்டினால் வெளிச்சம் குறையும்; ஒரு சிறு மின்விசிறி போதும். டியூபின் குளிர்ந்த பகுதி எழுத்து அச்சிட்ட முனையில் இருப்பதால், எல்லா டியூபின் அச்சு முனைகளும் ஒரே பக்கம் வரும்படி மாட்டுங்கள்.

பலாஸ்ட்டை நீர் தெறிக்காத இடத்தில், அதன் மேல் குறிப்பிட்டுள்ள வயர் நீளத்துக்குள் வையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போது வழியும் நீர் பிளக்கைத் தொடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் உப்புநீர்த் தொட்டிக்கு மேல் விளக்கு தொங்கவிடவே கூடாது.

ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்தில் டியூப் எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். நிறமும் பலமும் மாறியிருப்பதைக் கண் காட்டிக்கொடுக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பவளம் வெளுத்துவிடும். இரு வாரத்துக்கு இரண்டு என மாற்றுங்கள். புது டியூப் போட்டும் எரியாவிட்டால் பலாஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்து, மீண்டும் போடுங்கள். பழைய டியூபின் தேய்வை உணர்ந்து சில பலாஸ்ட்டுகள் தாமாகவே நின்றிருக்கும்.

இப்படிக்கு,
பவளத் தொட்டி வளர்ப்போர் சிலர்