பழைய கணக்கைக் கையோடு கொண்டுபோகச் சொல்

தருமபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மச்சான் செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கல்மடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, காலபோக நெல்லும் கதிர் முற்றி அறுவடைக்கு வந்துவிட்டது. பசளை விலைதான் ஆளைச் சாய்க்கிறது. மகள் ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறாள்.

உன் மகன் கோயம்புத்தூர் கம்பெனியை விட்டு ஓசூரில் நல்ல இடத்தில் சேர்ந்தது பெரிய சந்தோசம். ஆனால் பழைய கம்பெனி பி.எஃப். காசை, நாங்கள் சேமலாப நிதி என்கிறோமே அதை, மொத்தமாக எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறான் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சேமலாப நிதிப் படிவம் நிரப்பியே தலை நரைத்தவன் நான். உங்கள் நாட்டுச் சட்டத்தையும் தேடி வாசித்தேன். எடுக்க வேண்டாம், புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றச் சொல்.

முதலாவது, அவன் இப்போது வேலையில் இருக்கிறான். முழுக் காசையும் எடுப்பது வேலை இல்லாமல் இருப்பவனுக்குரிய ஏற்பாடு. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் எடுக்கலாம் என்பதுதான் நெடுநாள் விதி. அதை 12 மாதமாகவும், பென்ஷன் பங்குக்கு 36 மாதமாகவும் கூட்ட 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. ஓசூரில் சம்பளம் வாங்கிக்கொண்டே வேலையில்லை என்று எழுதிக் கொடுப்பது சரியில்லை மச்சான்.

அப்புறம் வரி. அவன் பழைய இடத்தில் நாலு வருசம்தான் இருந்தான். ஐந்து வருசம் ஆகுமுன் எடுத்தால் அந்தக் காசு வருமானக் கணக்கில் சேரும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். கணக்கை மாற்றிவிட்டால் பழைய நாலு வருசமும் புது வேலையோடு சேர்ந்து எண்ணப்படும். அடுத்த வருசமே ஐந்து தாண்டிவிடும்.

பென்ஷன் பங்கைத்தான் பிள்ளைகள் கவனிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள். அவனிடம் 12 சதவீதம், 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி போடும் 1,800-இல் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது, 550 மட்டும்தான் பி.எஃப்.இல் சேருகிறது. அந்தப் பென்ஷனுக்குப் பத்து வருசச் சேவை வேண்டும். சம்பளத்தைச் சேவை வருசத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. 15,000 சம்பளத்தில் 35 வருசம் போனால் 58 வயதில் மாதம் 7,500-க்குக் குறையாது. இப்போது அந்தப் பங்கையும் எடுத்துவிட்டால் நாலு வருசம் அழிந்து, ஓசூரில் பூச்சியத்திலிருந்து தொடங்குவான். மாற்றின பிறகு பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் 0 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே காசு நகர்வதில்லை, சேவைக் காலம்தான் நகர்கிறது.

இங்கே எங்களுக்கு இந்தச் சபலமே இல்லை. ஊழியர் 8, முதலாளி 12 சதவீதம் போட்டாலும் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 ஆகும் வரை பொதுவாகக் கைவைக்க ஏலாது. கல்யாணம் முடித்து வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. முதலாளி தனியாகப் போடும் 3 சதவீத நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் மறுபடி எடுக்க ஐந்து வருசம் பொறுக்க வேண்டும். வாலிபத்தில் இந்தக் கட்டுப்பாடு எனக்கும் எரிச்சலாக இருந்தது. இப்போது இது நல்லது என்றே நினைக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். புருசன் வவுனியாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர், 2009-இல் யுத்தத்தின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் செத்துப்போனார். வீடு, அடையாள அட்டை, கல்யாணப் பதிவு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு அவருடைய சம்பளத் துண்டு ஒன்றையும் பொலித்தீன் பையில் மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மை மங்கி, மடிப்பில் கிழிந்திருந்த அந்தத் துண்டில் முதலாளி இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் இருந்தன. அதை வைத்துத்தான் தொழில் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். நெடுநாள் இழுபட்டுத்தான் காசு வந்தது. பெரியவளின் படிப்பு அதில்தான் ஓடியது.

உன் அப்பாவும் நினைவுக்கு வந்தார். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்த பிறகும், சேமலாப நிதிக் காசு கைக்கு வராமல் தலைமன்னாருக்குப் போகமாட்டேன் என்று லயத்து வாசலில் நின்று கங்காணியோடு சண்டை பிடித்தாரே! கோத்தகிரியில் நீங்கள் கால் ஊன்றியது அந்தக் காசில் என்று நீதானே எழுதினாய். அதைப் பேரனுக்குச் சொல்.

இனி செய்ய வேண்டியது. யூ.ஏ.என். என்பது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண். ஓசூர் கம்பெனியில் பழைய யூ.ஏ.என். எண்ணைத்தான் கொடுத்தானா என்று பார். கொடுக்காவிட்டால் புதிதாக இன்னொரு எண் போட்டுவிடக்கூடும், பிறகு தலையிடி. பழைய கம்பெனி விலகிய திகதியைப் பதிந்ததா என்றும் பார்க்க வேண்டும். பதியாவிட்டால் கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து அவனே ஆதார் ஓ.டி.பி. மூலம் பதியலாம். எங்கள் ஆட்களுக்கு வரும் பெரிய வில்லங்கம் பெயர்தான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப்.இல் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஒரு எழுத்து, ஒரு புள்ளி வித்தியாசத்துக்கே விண்ணப்பம் திரும்பிவரும். அதை முதலில் சரிசெய்துவிட்டு மாற்றத்துக்குப் போடட்டும்.

வாரிசு நியமனத்தையும் போடச் சொல். கல்யாணம் முடித்ததும் பழைய நியமனம் செல்லாது, மறுபடி போட வேண்டும்.

நோய், வீடு, கல்யாணம் என்று உண்மையான தேவை வந்தால் கணக்கை மூடாமலே ஒரு பகுதி எடுக்க வழி இருக்கிறது. மோட்டார் சைக்கிளை ஓசூர்ச் சம்பளத்தில் தவணைக்கு வாங்கட்டும்.

பாஸ்புக்கின் படத்தை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். ஆதார் எண்ணை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும் வேண்டாம். அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவனோடு கதைக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
மாணிக்கம்