கட்டியை எடுத்த பிறகும் கரன்ட் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மார்பகப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மார்பு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை, கட்டியை மட்டும் எடுத்தாலே போதும், இருபது ஆண்டு ஆய்வுகள் சொல்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. மறுபாதியான கதிர்வீச்சு (நம் ஊரில் 'கரன்ட் வைப்பது' என்பார்களே, அது), 'தேவைப்பட்டால்' என்று ஒரே வரியில் வந்து போய்விட்டது. கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

நீங்கள் குறிப்பிடும் ஆய்வுகள் இரண்டு. இரண்டின் இருபதாண்டு முடிவுகளும் 2002-இல் வெளிவந்தன. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்தியது ஒன்று. மார்பை முழுவதும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கும், ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்களில் 8.8 சதவீதம் பேருக்கும் அதே பக்கத்தில் நோய் திரும்பியது. ஆனால் உயிரோடு இருந்தவர்களின் கணக்கில் வித்தியாசமே இல்லை.

அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்தியதுதான் இங்கே முக்கியம். அதில் மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது: கட்டியை எடுத்துவிட்டு, கதிர்வீச்சு கொடுக்காமல் விடப்பட்ட பெண்கள். இருபது ஆண்டுகளில் அவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் மீண்டும் கட்டி வந்தது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதம். (மான்ட்ரியல் டாக்டர் ஒருவர் இந்த ஆய்வுக்குப் பொய்யான விவரங்கள் கொடுத்தது 1994-இல் பெரிய விவகாரமானது. அவருடைய நோயாளிகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டபோதும் முடிவு மாறவில்லை.)

மூன்று பிரிவிலும் ஆயுள் ஒன்றுபோலத்தானே இருந்தது, பிறகு கதிர்வீச்சு எதற்கு என்று சிலர் வாதாடுவார்கள். 17 ஆய்வுகளைச் சேர்ந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து 2011-இல் அதற்கும் பதில் சொல்லிவிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 15 ஆண்டுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 25.2 சதவீதம், கதிர்வீச்சும் பெற்றவர்களில் 21.4.

உங்கள் 'தேவைப்பட்டால்' பொருந்துகிறவர்களும் உண்டு. வயது 65-க்கு மேல், சிறிய கட்டி, அக்குள் நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) நோய் பரவவில்லை, ஹார்மோன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்றால் டாக்டர் யோசித்துக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம். நாற்பது வயதுக்காரர் அந்த வரியைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

"கட்டிதான் போயிருச்சே, இனி கரன்ட் எதுக்குங்க?" என்று நோயாளிகள் கேட்காத நாளில்லை. கரன்ட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பேரனைத் தூக்கலாமா என்று ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகத் தூக்கலாம்; மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. மார்புக்குக் கொடுப்பதால் தலைமுடியும் கொட்டாது. உண்மையான சிரமங்கள் வேறு. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை தலைக்கு மேலே போக வேண்டும்; தோள் பயிற்சி செய்யாதவர்கள் படுக்கையில் படும் பாடு கொஞ்சமல்ல. கதிர் படும் இடத்தைக் குறிக்க நாங்கள் போட்ட மை அழியாமல் குளிக்க வேண்டும். போகப் போக மார்பின் அடிமடிப்பில் தோல் கறுத்து எரியும். இடது மார்பென்றால் இதயத்தில் கதிர் அதிகம் படாமலிருக்க, பல இடங்களில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள்.

எல்லாருக்கும் மார்பைக் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லியிருக்கலாம். கட்டிகள் மார்பில் பல இடங்களில் பரவியிருந்தாலோ, முன்பே அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, பெரும்பாலும் முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் கீமோ கொடுத்துச் சுருக்கிப் பார்ப்பதுண்டு. முழுவதையும் எடுத்துவிட்டால் கரன்ட் தொல்லை இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. நெறிகளில் நோய் பரவியிருந்தால் அவர்களுக்கும் கதிர்வீச்சு உண்டு.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் அடங்கும். பஸ் காசும், தங்க இடமும், போகாத நாளின் கூலியும்தான் ஆளைப் பாதியில் நிறுத்துகின்றன. முன்பு ஐந்து வாரம் வர வேண்டியிருந்தது. இப்போது பலருக்கு மூன்று வாரத்தில், 15 தடவையில் முடிந்துவிடுகிறது. ஐந்தே தடவையில் முடிக்கும் முறையின் ஐந்தாண்டு முடிவுகளை இங்கிலாந்து 2020-இல் வெளியிட்டது. நோய் திரும்புவது அதிலும் கூடவில்லை. தொலைவைக் காரணம் காட்டி மார்பையே எடுத்துவிடச் சொல்கிற குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும்.

இன்னொன்று. ஃபிஷரின் ஆய்வில் கதிர்வீச்சு பெற்ற பிறகும் நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பத்து ஆண்டு கழித்துத்தான் வந்தது. ஐந்து வருடம் தாண்டியதும் மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) பலர் நிறுத்திவிடுகிறார்கள். வருடாவருடம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கதிர்வீச்சு டெக்னீசியன்,
திருநெல்வேலி